சாம்பல் புதனுக்கு முந்தின தபால்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி, 8 ஜனவரி 2024

லினெட்,

உறையின் மேல் உன் மடத்துப் பெயரை முழுசாக, ஒரு புனிதரையும் விடாமல் எழுதிவிட்டேன். உள்ளே நீ எனக்கு லினெட்தான். உங்கள் மடத்துத் தலைவி மதர் படித்தால் படிக்கட்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்து உங்கள் தபால் கதவு திறந்திருக்கும் என்று எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு வாரம், ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள், கூடப் பிறந்த தங்கச்சிக்குக் கடுதாசி போட்டாலும் அது அவள் கைக்குப் போகாது. போனும் கிடையாது. நீ உள்ளே போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் இந்தச் சட்டம் செரிக்கவில்லை.

அம்மா இப்போது தினமும் நாலு மணிக்கு கேட்டுக்குப் போய்விடுகிறாள். கிரில்லைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்கிறாள். "லினெட்டு இன்னும் ஸ்கூலு விட்டு வரலையே, எங்க போச்சு இந்தப் பொண்ணு?" என்று என்னைக் கேட்கிறாள். நான் யார் என்று கேட்டால் ஒரு நாள் அப்பா பெயரைச் சொல்லி, சூசை என்கிறாள், ஒரு நாள் கரண்ட் ஆபீஸ் ஆள் என்கிறாள். அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆனது அவளுக்குத் தெரியாது. போன மாதம் கேட் திறந்திருந்து, உப்பளம் வரை நடந்தே போய்விட்டாள். அதிலிருந்து பூட்டு போட்டுவிட்டேன். சாவி என் கழுத்தில் தொங்குகிறது. யாரை உள்ளே வைத்துப் பூட்டினேன் என்பதுதான் சில நாள் சந்தேகமாக இருக்கிறது.

காலையில் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வந்து அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். மீதி எல்லாம் நான்தான். கிட்டாருக்காக நான் வளர்க்கும் வலது கை நகம் உனக்குத் தெரியும். தூக்கும்போது அம்மாவின் தோலில் பட்டால் கிழித்துவிடுகிறது, அவ்வளவு மெல்லிசாகிவிட்டது அந்தத் தோல். அதனால் வலது கைக்கு மட்டும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்கிறேன். சனி, ஞாயிறு சாயங்காலம் கையுறையைக் கழற்றிவிட்டு ஒயிட் டவுன் ஓட்டல் தோட்டத்தில் போய் வாசிக்கிறேன். போன வாரம் ஒரு குடும்பம் பிறந்தநாள் பாட்டு வாசிக்கச் சொன்னது. வாசித்தேன். கேக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் சொல்ல எழுதவில்லை. மாத்தியூவை நினைவிருக்கிறதா, பாரீஸில் என்னோடு படித்தவன்? இப்போது துலூஸில் ஓர் இசைப் பள்ளிக்குத் தலைவன். கிட்டார் வகுப்புக்கு என்னைக் கூப்பிடுகிறான். செப்டம்பரில் தொடக்கம். முதல் வாரத்திலேயே மேடையில் என் தனிக் கச்சேரி. மார்ச் பதினைந்துக்குள் பதில் வேண்டுமாம்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த புண்ணியத்தில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. விசா வரிசையில் நிற்க வேண்டாம், பெட்டியைத் தூக்கினால் போதும். அந்தப் பெட்டியைத்தான் தூக்க முடியவில்லை.

பிரகாஷ்


மடம்,
16 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணா,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். இரண்டு முறை படித்தேன். அதில் என்னைப் பார்த்து ஒரு கேள்விகூட இல்லை. சின்ன வயதில் ஐஸ் வேண்டுமென்றாலும் அப்பாவிடம் நேராகக் கேட்கமாட்டாய், "இன்னைக்கி வெயிலு ஜாஸ்தி" என்பாய். அப்பாவே புரிந்துகொண்டு வாங்கித் தர வேண்டும்.

எனக்கு இப்போது அப்பம் சுடுகிற அறையில் வேலை. கோயில்களில் பூசையின்போது கொடுக்கும் நன்மை அப்பம். மாவு கொஞ்சம் நீர்த்தாலும் ஓரம் உடைந்துவிடும். உடைந்ததை நாங்களே தின்றுவிடுவோம், ஆகவே பொங்கலன்று நிறைய உடைந்தது.

அம்மா கேட்டில் நிற்பதைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை.

நவம்பரில் வந்தபோது கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ வாசித்ததைச் சகோதரிகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உன் அண்ணன் உலகம் சுற்ற வேண்டியவர் என்கிறார்கள். எனக்கு மட்டும் அன்றைக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது இருக்கட்டும்.

என்னிடம் என்ன வேண்டுமோ அதைக் கேள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் இந்த வருஷம் பிப்ரவரி பதினான்கு. அதற்கு முன்னால் உன் கடிதம் என் கையில் கிடைத்தால், அதற்கு முன்னாலேயே பதில் போடுகிறேன். அன்றைக்குப் பிறகு வந்தால் மதரின் மேஜை இழுப்பறைக்குப் போய்விடும், ஈஸ்டர் முடிந்துதான் எனக்குக் கிடைக்கும். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

லினெட்


முத்தியால்பேட்டை,
29 ஜனவரி 2024

லினெட்,

சரி, கேட்கிறேன்.

ஒரு வருஷம் வெளியே வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்.

பங்குச் சாமியாரிடம் விசாரித்துவிட்டேன். ஒரு வருஷம் வரை மடத்துக்கு வெளியே இருக்க மதரே அனுமதி தரலாமாம், தக்க காரணம் இருந்தால். பெற்ற தாய் தக்க காரணம் இல்லையென்றால் வேறு எது?

முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு அங்கே அம்மா எந்த கேட்டில் போய் நிற்பாள் என்று நினைத்தேன், திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று கையுறை கிழிந்திருந்ததைப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து தூக்கும்போது நகம் இறங்கி, முழங்கைக்குக் கீழே நீளமாக ரத்தக் கோடு. அம்மா அழவில்லை. "பரவால்ல தம்பி, நீ வேலையப் பாரு" என்றாள். கரண்ட் ஆபீஸ் ஆளிடம் சொல்கிற மாதிரி அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். நான் குளியலறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. இது போனால் இன்னொன்று வராது. நீ போன அன்றைக்கு நான் பாரீஸில் இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்பா செத்தபோது திரும்பி வந்தேன், அப்போதும் யாரும் கேட்கவில்லை. நீ கடவுளைத் தேர்ந்தெடுத்தாய். எனக்கு மிச்சம் இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

கேட்டுவிட்டேன். இனி உன் பாடு.

பிரகாஷ்


முத்தியால்பேட்டை,
26 பிப்ரவரி 2024

லினெட்,

இதை நீ இப்போது படிக்கப் போவதில்லை என்று தெரியும். இழுப்பறையில் கிடக்கட்டும். எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஜனவரி 29 அன்று எழுதினேன். பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. தினமும் தபால்காரர் ராமலிங்கத்தின் வண்டிச் சத்தம் கேட்டால் கேட்டுக்கு ஓடினேன். அம்மாவும் என் கூடவே வந்து நிற்பாள். இரண்டு பேரும் உனக்காகத்தான் நின்றோம். ஒன்றும் வரவில்லை. ஒரு வரி போதாதா? முடியாது என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

உங்களுக்கு மௌனம் ஜெபம். வெளியே இருப்பவர்களுக்கு அது கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கிறது.

நடு விரல் நகம் உடைந்துவிட்டது. பிங்பாங் பந்தைப் பிறை மாதிரி வெட்டி, பசை போட்டு ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து வைத்திருக்கிறேன். ஓட்டலில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே கிட்டாரில் கம்பி இல்லாவிட்டாலும் தெரியாது.

பிரகாஷ்


முத்தியால்பேட்டை,
16 மார்ச் 2024

லினெட்,

நேற்றோடு கெடு முடிந்தது. மாத்தியூவுக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். காரணம் கேட்டான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தங்கை மனசு வைக்கவில்லை என்று சொன்னேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டான். உன்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்திருக்கமாட்டான்.

கோயிலில் பூசை முடிந்து வரும்போது சகாயசெல்வி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி புள்ள யாருக்குப்பா கெடைக்கும்" என்றார்கள். கூட நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

இனி கடுதாசி வேண்டாம். நீ உன் கம்பிக்குப் பின்னால் இரு, நான் என் கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறேன்.

பிரகாஷ்


மடம்,
1 ஏப்ரல் 2024, ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள அண்ணா,

காலை உணவுக்குப் பிறகு மதர் உன் மூன்று கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரிக்காமல் அப்படியே இருந்தன. தவக்காலத்தில் வருகிற உறைகளின் மூலையில் வந்த தேதியைப் பென்சிலால் எழுதி வைப்பது இங்கே வழக்கம். தேதி வரிசையில்தான் பிரித்தேன்.

முதலாவதை இரண்டு முறை படித்தேன். இரண்டாவதைப் படித்தபோது, ஐயோ, தபால் எங்கேயோ சிக்கிக்கொண்டதே என்று அழுதேன். மூன்றாவதைப் படித்துவிட்டு முதல் உறையைத் திரும்ப எடுத்தேன். மூலையில் 14 பிப்ரவரி என்று இருந்தது. சாம்பல் புதன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஸ்டாம்பின் மேல் இருக்கும் முத்திரையைப் பார்த்தேன். முத்தியால்பேட்டை, 12 பிப்ரவரி. மை நன்றாக விழுந்திருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி திங்கள்கிழமை. புதுச்சேரியிலிருந்து இங்கே வர இரண்டு நாள் ஆகும். பதினோரு வருஷமாக அங்கிருந்து எனக்குக் கடிதம் போடுகிறாய், அது உனக்குத் தெரியாமல் இருக்காது. எழுதியது 29. அந்தக் கடிதம் இரண்டு வாரம் எங்கே இருந்தது, அண்ணா?

நீ அதை அடுத்த நாளே போட்டிருந்தால் மாதம் பிறக்கும்போது என் கையில் இருந்திருக்கும். அன்றைக்கே மதரின் கதவைத் தட்டியிருப்பேன். சரி என்றுதான் எழுதியிருப்பேன். ஜனவரியில் "கேள்" என்று எழுதும்போதே அதற்குத் தயாராகித்தான் எழுதினேன்.

அந்தச் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் வாசித்தபோது மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருந்தாய். மூன்று விரலும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கம்பியைத் தொட வேண்டிய இடத்தில் கட்டைவிரலைப் போட்டுச் சமாளித்தாய். சகோதரிகளுக்குத் தெரிந்திருக்காது. எட்டு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கிட்டார் வாசித்தவளுக்குத் தெரியும்.

எனக்கு உன் மேல் கோபம்தான். மாத்தியூவிடம் என் பெயரைச் சொன்னதற்கு நிறையக் கோபம். ஆனால் இதைக் கோபத்தில் கேட்கவில்லை. கைக்கு என்ன ஆயிற்று?

லினெட்


முத்தியால்பேட்டை,
9 ஏப்ரல் 2024

லினெட்,

தபால் ஆபீஸில் எப்போது வேலைக்குச் சேர்ந்தாய்? ஜெபிக்கிற நேரத்தில் முத்திரை பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

இப்படித் தொடங்கி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். முதல் இரண்டு வரியை மட்டும் விட்டு வைத்தேன், எவ்வளவு கோபம் வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா.

அந்தக் கடிதம் கிட்டார் பெட்டிக்குள் இருந்தது. உபரிக் கம்பிகள் வைக்கும் இடத்தில். தினமும் காலையில் எடுத்துக்கொண்டு போவேன், தபால் பெட்டி வாயில் பாதி உள்ளே விடுவேன், திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நீ முடியாது என்பாய் என்று பயமில்லை. சரி என்பாயே என்றுதான் பயம். பன்னிரண்டாம் தேதி, இனிமேல் போட்டால் நேரத்துக்குப் போய்ச் சேராது என்று நிச்சயமானதும், கை தானாக விட்டுவிட்டது. நிம்மதியாக டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்புறம் உட்கார்ந்து உன்னைத் திட்டி எழுதினேன். எழுதும்போது எல்லாம் நிஜம் என்றே நம்பினேன், அதுதான் வேடிக்கை. ராமலிங்கத்தின் வண்டிக்கு ஓடியதுகூட நிஜம்.

2013 ஜனவரியில் பாரீஸில் கடைசியாக வாசித்தேன். நூற்றைம்பது பேர் இருந்தார்கள். மூன்றாவது உருப்படியில் மோதிர விரல் தானாக உள்ளே மடங்கியது. வலியில்லை, ஒன்றுமில்லை. நான் நீட்டச் சொல்கிறேன், அது மடங்குகிறது. வேறு யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். ஜுரம் என்று சொன்னேன். சோறு சாப்பிட, பொத்தான் போட, எதற்கும் அந்த விரல் தகராறு செய்யாது. கம்பியில் வைத்தால் மட்டும் மடங்கும். யாரிடம் போய் இதைச் சொல்வது?

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார் என்று போன் வந்தது. விமானம் முழுக்க அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள். பாதிக்கு மேல் விரலுக்காக அழுதேன், லினெட். இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

வந்து இறங்கியதும் எல்லாரும், "அம்மாவுக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டான்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து மறுக்க முடியாமல் போய்விட்டது. பிறகு அம்மாவுக்கு மறதி வந்தது, பூட்டு வந்தது, சாவி கழுத்துக்கு வந்தது. வெளியே போக முடியாதவனிடம் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டலில் மூன்று விரலுக்கு ஏற்ற மாதிரி எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்தால் நிஜமாகிவிடும்.

அம்மாவின் கையில் நான் கிழித்த கோடு ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. அம்மாவைக் கிழிக்கிற நகம் எதற்கு என்று குஞ்சம்மாள்கூடக் கேட்டுவிட்டாள். வெட்டினால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

நீ வராதே. வந்தால் எனக்கு ஒளிய இடமில்லை.

பிரகாஷ்


மடம்,
19 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

வருகிறேன்.

உன் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. ஈஸ்டர் திங்களன்றே மதரிடம் கேட்டுவிட்டேன். மற்ற சகோதரிகளையும் கலந்து, ஒரு வருஷத்துக்கு அனுமதி நேற்று வந்தது. மே இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலைப் பஸ்.

துலூஸுக்கு உன்னை அனுப்ப வரவில்லை. நீ போகவில்லை என்பதற்கு இனிமேல் அம்மா காரணமாக இருக்கக் கூடாது, அதற்காக வருகிறேன். பதினோரு வருஷமாக அவளைக் கதவில் சாத்தி வைத்திருக்கிறாய். நான் நகர்த்திவிடுகிறேன். அப்புறமும் வீட்டிலேயே இருக்க வேண்டுமென்று தோன்றினால் இரு. அது உன் இஷ்டம். ஆனால் உனக்காக இரு.

நீ ஒன்றைச் சொன்னாய், நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கிளம்பிய அன்றைக்கு அம்மா அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "லினெட்டு, ஒரு வாட்டி திரும்பிப் பாரும்மா" என்று கூப்பிட்டாள். தெருமுனை வரை கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவேன் என்று பயம். கடவுள் கூப்பிட்டார், அதனால் திரும்பவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். கடவுள் கூப்பிட்டது உண்மைதான். ஆனால் பயந்து ஓடியதும் உண்மை. அம்மா நாலு மணிக்கு நிற்கிறாள் என்று ஜனவரியில் நீ எழுதியதிலிருந்து, அப்பம் சுடும்போது இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டுவிட்டேன்.

விழுப்புரத்தில் பஸ் மாறி, நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

லினெட்


வீடு,
2 மே, மத்தியானம்

லினெட்,

இதைக் குஞ்சம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ வரும்வரை அவள் அம்மாவோடு இருப்பாள்.

அம்மாவுக்கு ரசம் சாதம் நன்றாகக் குழைத்துக் கொடு. மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்தால்தான் விழுங்குவாள். தூக்கும்போது இடது பக்கம் பிடி, வலது தோள் வலிக்கிறது என்பாள். கையுறை அலமாரியில் இருக்கிறது, உனக்குத் தேவைப்படாது. உன்னைப் பார்த்ததும் ஏன் லேட்டு என்று கத்துவாள். யூனிபார்ம் எங்கே என்பாள், முக்காட்டைப் பிடித்து இழுப்பாள். வாங்கிக்கொள். பதினாறு வருஷ லேட்டு.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒருவர் வியாழக்கிழமை மட்டும் மத்தியானம் பார்க்கிறார். மூன்று மணிக்கு டோக்கன். அடுத்த வாரம் என்றால் நான் போகமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

நகத்தை வெட்டிவிட்டுப் போகலாமா என்று காலையிலிருந்து நகவெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டவில்லை. கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போகிறேன், கம்பியில் வைத்தால்தானே அது மடங்கும். டாக்டர் முன்னால் வாசித்துக் காட்டுவேன். பாரீஸுக்குப் பிறகு முழுக் கையால் யார் முன்னாலும் வாசித்ததில்லை. பயமாக இருக்கிறது.

சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன். கேட்டைப் பூட்டவில்லை. அம்மா இப்போதே போய் நின்றுவிட்டாள்.

பிரகாஷ்